ஒரு விரல் கங்கைக்கு

மட்டிக்களியில் ஹில்மியின் கராஜ்.
ஜக்கின் மேல் என் ஹைலக்ஸ்
நாலு சில்லும் அந்தரத்தில் தொங்க
ஊசிக்குத் தூக்கிய கிடாய்போல் முழிக்கிறது.

இடப்பக்கக் கதவின் அடியில்
நாலு விரல் உயரத்தில் ஒரு சேற்றுக் கோடு.
போன கார்த்திகையில், கங்குவேலிக்கு இப்பால்,
கங்கை தன் உயரத்தை எழுதிவிட்டுப் போனது.
நான் அதைக் கழுவவில்லை.
நூற்றிப்பதினாறு சட்டித் தயிர் அன்றைக்கு.
மிதந்த சட்டிகளை எண்ணியவள் நான்தான்.

ஹில்மி பெட்டியைப் பிரிக்கிறான்.
நாலங்குல லிஃப்ட் கிட்.
முன்னுக்குச் சுருள்வில்லு, நீட்டு ஷொக்,
பின்னுக்குக் கனத்த பட்டைவில்லு.
கொழும்புப் பெட்டி; புது றப்பர் மணக்கிறது.

தம்பி கஜரூபன் பட்டைவில்லைத் தடவுகிறான்.
அவன் கண்ணில் நிலாவெளி மணல்,
ஞாயிற்றுக்கிழமைப் பெடியள்,
படமெடுக்கும் கைபேசிகள்.
"அக்கா, யானை மாதிரி நிக்கும்."
யானை தயிர் சுமந்ததை
ஆர் கண்டது?

"நாலெண்டா பிரேக் ஹோஸ் காணாது," என்கிறான் ஹில்மி,
"ஷாஃப்ட் கோணம் பிசகும்,
வளைவில வண்டி சரியப் பாக்கும்.
எல்லாத்துக்கும் மருந்திருக்கு, காசும் இருக்கு.
ரெண்டெண்டா ஒரு கட்டை, ஒரு வளையம்.
பின்னேரமே கொண்டு போகலாம்.
ஆனா தண்ணிக்கு ரெண்டு காணாது,
அதையும் சொல்லிப்போட்டன்."

நல்ல மெக்கானிக்குக்கு இதுதான் குறை:
முடிவை நம்மிடமே விட்டுவிடுவான்.

முற்றத்தில் இறால் பண்ணைக்காரர் ஒருவரின் வண்டி,
நாலங்குலம் ஏறியது.
சாவியை வாங்கினேன்.
காலையில் உறைந்த தயிரில் ஐந்து சட்டி,
கடதாசி மூடி, சணல் கட்டி,
பின்பெட்டியில் வைத்தேன்.
கன்னியாப் பக்கம் போய்த் திரும்பினேன்.
அவ்வளவு உயரத்தில்
மதிலுக்கு அப்பால் உலரும் சாரங்கள் தெரிந்தன.
ஒரு கிணற்றடிச் சண்டையும் தெரிந்தது.
சொன்னால் வெட்கம், எனக்கும் கொஞ்சம் பிடித்தது.

ஒவ்வொரு குழிக்கும் வண்டி உதைத்தது,
கட்டிப் பழகாத எருமை
பாற்செம்பை உதைப்பதுபோல்.

சட்டி ஒன்றும் உடையவில்லை.
கடதாசியை நீக்கினேன்.
நடுவில் ஒரு வெடிப்பு, ஆவணிக் குளத்தைப்போல;
அதன் மேல் மஞ்சள் தண்ணீர்.

உப்புவெளியில் என் ஹோட்டல்காரர்
பேசவே மாட்டார்.
கரண்டியைச் செங்குத்தாய்த் தயிரில் நாட்டுவார்.
நின்றால் முழு விலை.
சாய்ந்தால் பாதி.
அவருடைய கரண்டிதான் நானறிந்த பொறியியல்.

"ரெண்டு," என்றேன்.
"வில்லு பழசே இருக்கட்டும்.
முந்தி வைத்திருந்தவர் சீமெந்து ஏற்ற
மேலதிகமாய்ச் செருகிய தட்டு ஒன்று கிடக்கு,
அதைக் கழற்றிவிடு."
ஹில்மி சிரித்தான்:
"ஏத்தவும் சொல்றீங்க, இறக்கவும் சொல்றீங்க."
ஓம்.
வெள்ளத்துக்கு ஏற்று,
தயிருக்கு இறக்கு.

மிச்சக் காசில் பழைய லொறி டியூப் வாங்கிச்
சட்டி சட்டியாய் வளையம் வெட்டினோம்.
கஜரூபன் முகத்தைத் தூக்கியபடியே வெட்டினான்,
ஆனால் வட்டம் பிசகாமல்.

அஸர் பாங்கு சொல்லும் நேரம்
வண்டி தரையைத் தொட்டது.
"ஒரு வித்தியாசமும் இல்லை," என்றான் தம்பி.
பக்கத்துக் கடைக்காரரும்
அதையே சொன்னார், கேளாமலே.

நான் குந்தியிருந்து
கதவின் கோட்டில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.
நாலில் ஏறக்குறைய மூன்று
இப்போது என்னுடையது.
ஒரு விரல் இன்னும் கங்கைக்கு.

அது கேட்டு வரும் நாளில்
இக்கரையில் இஞ்சினை நிற்பாட்டுவேன்.
தம்பி ஏதும் சொல்வான்.
சொல்லட்டும்.
டாஷ்போட்டுக்குள் கரண்டி இரண்டும்
போத்தல் அடியில் கொஞ்சம் கித்துள் பாணியும்
எப்போதும் கிடக்கின்றன.